ஜாமீன் கையெழுத்துக்கு முன்னால்: தென்னாப்பிரிக்காவில் உதவித்தொகை இல்லாமல் முதுகலை

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பு முடிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வயதில் என்னிடம் 'அ' எழுதக் கற்றுக்கொண்ட பெண் வாசலில் நின்றாள். இப்போது ஆனர்ஸ் முடித்துவிட்டாள். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைச்சிட்டுது. பர்சரி கிடைக்கல. அப்பா பேங்க்ல கையெழுத்துப் போடறேன்னு சொல்றார். ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாருங்களேன்."

அன்று சாயங்காலமே போனேன். சமையலறை மேஜையில் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம். இன்னொன்று வங்கியின் மாணவர் கடன் படிவம், அதில் ஜாமீன்தாரர் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. மூன்றாவது அப்பாவின் ஓய்வுநிதிக் கணக்குத் தாள். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. சாமான் கிடங்கில் மேற்பார்வை வேலை, மாதம் பதினைந்தாயிரம் ரேண்ட். வீட்டுக்கடன் தீர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மகளைப் படிக்கவைக்க, ஜாமீன் நிற்பது, ஓய்வுநிதியை எடுப்பது, வீட்டை மறுபடி அடகு வைப்பது என்று மூன்றில் எது வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தார். ஆனால் அந்த மூன்று தாள்களிலும் இல்லாத ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருந்தது. இந்த முதுகலை ஆய்வு வழியா, பாட வழியா?

இந்த நாட்டில் உதவித்தொகை கிடைக்காத பிள்ளையின் செலவு பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் தீர்மானமாகிறது. வங்கியில் என்ன வட்டி என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவது. ஆனால் நம் வீடுகளில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்று பிள்ளைகளுக்கும் யாரும் சொல்லித்தருவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களுக்காக இங்குள்ள படிப்பு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் இளங்கலை, அதன் மேல் ஒரு வருடம் ஆனர்ஸ், அதற்குப் பிறகுதான் முதுகலை. முதுகலை இரண்டு விதம். பாட வழியில் வகுப்பு, தேர்வு, கூடவே சின்னதாக ஒரு ஆய்வேடு. ஆய்வு வழியில் வகுப்பே கிடையாது, முழுக்க ஒரே ஆய்வேடு. சட்டைப்பையில் வைத்துப் பார்த்தால் இரண்டு பட்டமும் ஒன்றுதான். ஆனால் பல்கலைக்கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் வேறுவேறு.

காரணம் அரசு மானியம். 2003-இல் வந்த உயர்கல்வி நிதிக் கொள்கைப்படி, பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுக்காகக் கிடைக்கும் மானியம் அலகுக் கணக்கில் வருகிறது. அங்கீகாரம் பெற்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தால் ஓர் அலகு. ஆய்வு வழி முதுகலை மாணவர் ஒருவர் பட்டம் வாங்கி வெளியேறினாலும் ஓர் அலகு. முனைவர் பட்டம் என்றால் மூன்று. ஓர் அலகின் மதிப்பு ஒரு லட்சம் ரேண்டுக்கு மேல். பாட வழி முதுகலையில் ஆய்வேட்டின் பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும்தான் கணக்கில் சேரும். அதாவது ஆய்வு வழி மாணவர் படித்து முடித்தால் பல்கலைக்கழகத்துக்கு வருமானம். அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் முழுநேர ஆய்வு வழி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தைக் குறைக்கின்றன, சில இடங்களில் மொத்தமாகவே விட்டுக்கொடுக்கின்றன. நம் டர்பனிலேயே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இந்தத் தள்ளுபடி வழக்கம் உண்டு. இது மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு சிலருக்குக் கொடுக்கும் உதவித்தொகை அல்ல. விதிக்குள் வருகிற மாணவருக்குக் கட்டணப் பட்டியலிலேயே எழுதியிருக்கிற சலுகை. ஆனால் விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். சேரும் ஆண்டின் கட்டணக் கையேட்டை எடுத்து, 'தள்ளுபடி' என்ற பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். போன வருடம் படித்த அண்ணன் சொன்னான் என்று நம்பிப் போகக்கூடாது.

அந்தப் பகுதியில் எப்போதும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும். குறித்த காலத்துக்குள் முடித்தால்தான் சலுகை. ஒரு வருடம் என்றால் ஒரு வருடம், இரண்டு என்றால் இரண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் மாணவர் கையிலிருந்து பணம் போகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கு வந்த பிறகு, பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு வழி முதுகலையில் சேர்ந்தேன். இரண்டாம் வருட நடுவில் என் நெறியாளர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். நான் அனுப்பிய அத்தியாயம் நான்கு மாதம் அப்படியே கிடந்தது. மாற்று நெறியாளரை நியமிக்கும்படி எழுதிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. பெரியவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று காத்திருந்தேன். அந்த நான்கு மாதத்தால் ஆய்வேடு மூன்றாம் வருடத்துக்குள் போய்விட்டது, மூன்றாம் வருடக் கட்டணத்தை முழுசாகக் கட்டினேன். இரண்டு வளையலை விற்ற பணம் அது. அதனால் இப்போது என்னிடம் யோசனை கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: நெறியாளரை முடிவு செய்வதற்கு முன்னால், அவரிடம் படித்து முடித்தவர்கள் இரண்டு பேரைக் கண்டுபிடித்து, எத்தனை மாதத்தில் முடித்தீர்கள் என்று கேளுங்கள். பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கக்கூடிய மிக முக்கியமான கேள்வி அதுதான். அப்புறம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போகிறேன் என்று சில மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்கவேண்டிய விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அந்தத் தேதி தவறினாலே அடுத்த வருடப் பதிவுக்குள் தள்ளிவிடும்.

கட்டணம் போனாலும் சாப்பாடு, டாக்ஸி, டேட்டா, வீட்டு வாடகை எல்லாம் அப்படியேதான் இருக்கும். சாட்ஸ்வொர்த்திலிருந்து குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போய்வருகிற பிள்ளைக்கு வாடகை மிச்சம். நம் ஊரில் பல்கலைக்கழகம் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பது கேப்டவுனில் அறை தேடிய பிள்ளைகளுக்குத்தான் தெரியும். துறையில் இளங்கலை மாணவர்களுக்கு டியூட்டர் வேலை, ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, நெறியாளரின் ஆய்வு நிதியிலிருந்து ஒரு சின்ன மாதத்தொகை என்று மூன்று வழிகள் உள்ளுக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை அறிவிப்புப் பலகைக்கு வருவதே இல்லை. துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்கிற பிள்ளைக்குக் கிடைக்கும்.

சரி, அரசு உதவி எங்கே போனது என்று அந்த அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 2015 அக்டோபரில் கட்டண உயர்வை எதிர்த்து நாடெங்கும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டுக்கான உயர்வு ரத்தானது. 2017 டிசம்பர் 16 அன்று, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருக்கும் மாணவர்களுக்கு உயர்கல்வி இலவசம் என்று அப்போதைய ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா அறிவித்தார். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுக்கும் தேசிய மாணவர் நிதி உதவித் திட்டம், அதாவது எல்லோரும் என்எஸ்ஃபாஸ் என்று சொல்வது, முதல் பட்டத்துக்கானது. முதுகலைக்கு அது வராது. முதுகலைக்கு அரசுப் பணம் தேசிய ஆய்வு அறக்கட்டளை வழியாகத்தான் வருகிறது. அங்கே போட்டி கடுமை, வயது வரம்பும் உண்டு.

அந்த 3,50,000 என்பது கேட்கப் பெரிய தொகையாக இருக்கிறது. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாதம் 29,167. அப்பாவுக்குப் பதினைந்தாயிரம், அம்மாவுக்குப் பதினைந்தாயிரம் என்றாலே வரம்பைத் தாண்டியாகிவிட்டது. மேஜையருகில் உட்கார்ந்திருந்த குடும்பம் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. இங்கே இவர்களை 'விடுபட்ட நடுத்தரம்' என்பார்கள். ஏழை என்று சொல்லி உதவி வாங்க முடியாது, கையில் காசும் இல்லை. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நர்ஸ், ஆசிரியர், கிடங்கு வேலை, தையல் ஆலை வேலை பார்க்கும் நம் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்குள்ள இந்திய வம்சாவளிச் சமூகம் உதவித்தொகையை நம்பிப் படித்த சமூகம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1927-இல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இங்கு வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, நம் மக்களிடம் பணம் திரட்டித்தான் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்லூரி எழுப்பினார். அவர் பெயரில் அது இன்னும் நிற்கிறது. நட்டாலில் பழைய இந்தியப் பள்ளிகளில் மிகப் பல, கரும்புத் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் ஷில்லிங் ஷில்லிங்காகச் சேர்த்து, அரசின் பங்கையும் கேட்டு வாங்கிக் கட்டியவை. 1936-இல் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு நட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி பகுதிநேர வகுப்பு தொடங்கியபோது, அது நடந்தது அந்த சாஸ்திரி கல்லூரிக் கட்டிடத்தில்தான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், பெரும்பாலும் ஆசிரியர்கள், ஓய்வு நேரத்தில் வந்து படித்தார்கள். ஆனால் அன்று பணமும் பாரமும் ஊருக்குப் பொதுவாக இருந்தன. இன்று ஒரு பிள்ளையின் படிப்புக்கு ஒரே ஒரு அப்பா, தன் பெயரை ஒரு வங்கிப் படிவத்தில் எழுதித் தாங்குகிறார். அந்த வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம்.

மாணவர் கடன் இங்கே பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் உண்டு. முழுநேர மாணவருக்குச் சம்பளம் இல்லாததால் ஜாமீன்தாரர் கேட்பார்கள். படிக்கும் காலத்தில் வட்டி மட்டும் மாதாமாதம் கட்டவேண்டும், அதையும் ஜாமீன்தாரர்தான் கட்டுவார். படிப்பு முடிந்த பிறகு அசலும் வட்டியும். வட்டி, வங்கிகள் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் பிரைம் விகிதத்தை ஒட்டி இருக்கும். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போவுடன் 3.5 சேர்த்தால் பிரைம். 2025 கடைசியில் அது 10.25 சதவீதம்.

கணக்குக்காக 1,00,000 ரேண்ட் கடன், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் இரண்டு வருடமும் மாதம் ஏறக்குறைய 917 ரேண்ட் வட்டி, மொத்தம் 22,000. முடித்தபின் மூன்று வருடத் தவணை என்றால் மாதம் 3,274. எல்லாம் கூட்டினால் வட்டியாக மட்டும் நாற்பதாயிரம் ரேண்ட் போகும்.

ஜாமீன் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? தனிநபர் கடன் வாங்குகிறார்கள். அடமானம் இல்லாத கடனுக்கு ரெப்போவுடன் 21 சேர்த்த அளவு வரை வட்டி வாங்கச் சட்டமே அனுமதிக்கிறது. அதே ஒரு லட்சத்தை 27 சதவீதத்தில் ஐந்து வருடத் தவணைக்கு வாங்கினால் மாதம் 3,054 ரேண்ட்தான். மாணவர் கடனின் தவணையைவிட 220 ரேண்ட் குறைவு. கடன் கொடுப்பவர் இந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் காட்டுவார். ஆனால் ஐந்து வருட முடிவில் கட்டிய மொத்தம் 1,83,000 ரேண்டுக்கு மேல். வட்டி மட்டும் எண்பத்து மூன்றாயிரம். மாதத் தவணையைப் பார்த்துக் கடனை எடைபோடும் பழக்கம் நமக்கு ஃபர்னிச்சர் கடையிலிருந்து வந்தது. படிப்புக் கடனில் அது கழுத்தை நெரித்துவிடும்.

வீட்டுக்கடன், இங்குள்ள பேச்சில் பாண்ட், இன்னும் ஓடிக்கொண்டிருந்து, அதில் கூடுதலாகக் கட்டிய பணம் இருந்தால் அதைத் திரும்ப எடுக்கலாம். வட்டி குறைவு. ஆனால் வீட்டின் மேல் கடன் ஏறுகிறது. தீர்ந்துபோன பாண்டை மறுபடி திறக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஐம்பத்தொன்பது வயதில் கூரையை அடகு வைத்து, இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் பட்டத்தை வாங்கக்கூடாது. பிள்ளைக்கு முன்னால் நாற்பது வருடச் சம்பாத்தியம் இருக்கிறது. அப்பாவுக்கு ஆறு.

ஜாமீன் என்பது என்ன என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. பிள்ளை கட்டாமல் எல்லா வழியும் அடைத்துப்போன பிறகுதான் தன்னிடம் வருவார்கள் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. வங்கிப் படிவங்களில் ஜாமீன்தாரரும் கூட்டுக் கடனாளி என்றே எழுதியிருக்கும். முதல் தவணை தவறினாலே நேராக அவரிடம் வரலாம். இன்னொரு விஷயமும் அவருக்குத் தெரியாது. கணவன் மனைவி சொத்து ஒன்றாகவே இருக்கும் பொதுச்சொத்துத் திருமணம் என்றால், 1984-ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டப்படி, ஒருவர் ஜாமீன் நிற்க மற்றவரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அதாவது அம்மாவின் கையெழுத்து. அதுவரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்ற அந்த அம்மா, இதைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ நான் இதப் படிக்கணும்" என்றார். அன்று அந்த வீட்டில் நடந்த மிக நல்ல காரியம் அது.

கடன் ஒப்பந்தத்தில் நமக்குச் சாதகமாகவும் சில உண்டு. 2,50,000 ரேண்டுக்குக் குறைவான கடனை எப்போது வேண்டுமானாலும் அபராதம் இல்லாமல் முன்கூட்டியே தீர்க்கலாம். வேலை கிடைத்த முதல் வருட போனஸை இதில் போட்டால் வட்டி கணிசமாகக் குறையும்.

மூன்றாவது தாள், ஓய்வுநிதி. 2024 செப்டம்பர் 1 முதல் இங்கே 'இரண்டு பானை' முறை வந்திருக்கிறது. கட்டும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்குப் போகும், அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்கலாம், குறைந்தது 2,000 ரேண்ட். தொடக்கத்திலேயே பழைய சேமிப்பிலிருந்து பத்து சதவீதம், அதிகபட்சம் 30,000, அந்தப் பானைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இந்தப் பெண்ணின் அப்பா அந்த முப்பதாயிரத்தை இன்னும் தொடவில்லை. "சும்மா கிடக்கிற காசுதானே" என்றார்.

சும்மா கிடக்கவில்லை. இப்போது எடுத்தால் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். அவர் சம்பளத்துக்கு 18 சதவீத வரி, அதாவது முப்பதாயிரத்தில் 5,400 போய்விடும். மீதி 24,600, அதிலும் நிர்வாகக் கட்டணம் கழியும். அதே பணத்தை ஓய்வுபெறும்போது எடுத்தால், ஓய்வுக்கால மொத்தத் தொகையில் முதல் 5,50,000 ரேண்டுக்கு வரி இல்லை. அவருடைய மொத்தச் சேமிப்பே அதற்குள்தான். ஆக ஆறு வருடம் பொறுத்தால் வரியே இல்லாமல், வளர்ந்த தொகையாகக் கைக்கு வரும் பணத்தை, இன்று ஆறில் ஒரு பங்குக்கு மேல் தொலைத்துவிட்டு எடுக்கவேண்டும். பிள்ளைக்காகத்தான் என்றாலும் இது நஷ்ட வியாபாரம். பிறகு அதே பிள்ளைதான் அப்பாவின் மருந்துச் செலவைச் சுமக்கவேண்டிவரும்.

பாட வழியில்தான் படிக்கவேண்டும் என்கிற துறைகள் உண்டு. மருத்துவ உளவியல், நகரத் திட்டமிடல், வணிக நிர்வாகம் போன்றவை. இவற்றில் கட்டணத் தள்ளுபடியை எதிர்பார்க்க முடியாது. இதற்கு நான் பார்த்த வரை நல்ல வழி, முதலில் வேலைக்குப் போய், நிறுவனத்தின் செலவில் படிப்பது. முதுகலைக்குக் குறைந்தது 180 கிரெடிட், அதாவது படிப்பை அளக்கும் அலகு, ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணிநேர உழைப்பு என்பது இங்குள்ள கணக்கு. மொத்தம் 1,800 மணி. வாரம் பதினைந்து மணிநேரம் ஒதுக்க முடிந்தால் 120 வாரம், இரண்டேகால் வருடத்துக்கும் கொஞ்சம் மேல். சாயங்காலத்தையும் சனி ஞாயிறையும் விட்டுக்கொடுத்தால் முடியும். குழந்தை உள்ள பெண்ணுக்கு அந்தப் பதினைந்து மணிநேரம் எங்கிருந்து வரும் என்று வீட்டில் முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும். படிப்பு விடுப்பு இங்கே சட்டப்படியான உரிமை இல்லை, நிறுவனம் மனசு வைத்தால்தான்.

நிறுவனத்திடம் கேட்கும்போது கெஞ்சத் தேவையில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆண்டுச் சம்பளச் செலவு ஐந்து லட்சம் ரேண்டைத் தாண்டும் நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாக ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கின்றன. ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால் அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். அதோடு, கறுப்பின மக்களின் பொருளாதார மேம்பாட்டுச் சட்டப்படி நிறுவனங்கள் அந்த மக்களின் மேம்பாட்டுக்கு எவ்வளவு செய்கின்றன என்று அளக்கும் மதிப்பெண் அட்டை உண்டு. அந்தச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலர்டு எனப்படும் கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடக்கம். உங்கள் படிப்புக்குச் செலவழித்தால் நிறுவனத்துக்குப் புள்ளி கூடும். ஆனால் இது பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமக்களாக இருப்பவர்களுக்கும், நிறவெறி ஆட்சி முடிந்த 1994 ஏப்ரல் 27-க்கு முன்பே குடியுரிமை பெற்றவர்களுக்கும், அப்போதே பெற்றிருக்கத் தகுதி இருந்தவர்களுக்கும்தான். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்களின் எள்ளுப்பேத்தி கணக்கில் வருவாள். என்னைப் போலப் பின்னால் வந்து குடியுரிமை வாங்கியவர்கள் வரமாட்டோம். எனக்கு அதில் குறை இல்லை, அநியாயத்தைப் பட்டவர்கள் அவர்கள்தான்.

வரி விஷயத்திலும் ஒரு சலுகை இருக்கிறது. நிறுவனம் கட்டும் படிப்புச் செலவுக்கு ஊழியர் வருமான வரி கட்டவேண்டியதில்லை. படிப்பை முடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு, இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்கிறேன் என்ற ஒப்பந்தமும் வாங்குவார்கள். நடுவில் விலகினால் முழுத் தொகையும் கொடுக்கவேண்டுமா, மீதி மாதங்களின் விகிதத்துக்குக் கொடுத்தால் போதுமா என்று அந்த ஒரு வரியை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் காசில் படித்தால் வரிக்கழிவு எதுவும் கிடையாது. இந்தியாவில் பழைய வருமான வரி முறையில் கல்விக்கடன் வட்டிக்குக் கழிவு உண்டு. அந்த மாதிரி இங்கே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து படிக்கலாமா என்று கேட்டு எனக்குத் தகவல் அனுப்புகிறவர்களுக்குச் சுருக்கமாக ஒரு வார்த்தை. மூன்று வருட பி.ஏ., பி.எஸ்ஸி.யோடு வந்தால் நேராக முதுகலையில் சேர்வது கடினம், ஆனர்ஸ் வருடத்தின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாணவர் விசாவில் வாரத்துக்கு இருபது மணிநேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. அதை நம்பிக் கட்டணம் கட்ட முடியாது. மொரீஷியஸ் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 1997-இல் செய்த கல்வி உடன்பாட்டின்படி, அவர்களுக்கு உள்ளூர் மாணவரின் கட்டணமே வாங்கவேண்டும்.

அந்தப் பெண்ணின் கடிதத்தில் இருந்தது பாட வழி முதுகலை. அதே துறையில் அதே பட்டத்துக்கு ஆய்வு வழியும் இருக்கிறதா என்று திங்கட்கிழமை காலையில் துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டாள். இருந்தது. அவள் ஆனர்ஸ் ஆய்வைப் பார்த்த பேராசிரியரே நெறியாளராக இருக்கச் சம்மதித்தார். அவரிடம் முன்பு படித்த இருவரில் ஒருத்தி இருபது மாதத்தில் முடித்திருந்தாள், இன்னொருவர் மூன்று வருடம் எடுத்திருந்தார். மூன்று வருடம் ஏன் ஆனது என்று கேட்டிருக்கிறாள். நடுவில் வேலைக்குப் போய்விட்டேன் என்றாராம். சரி, அது நெறியாளரின் குற்றம் இல்லை.

ஆனால் பதிவு செய்யப் போனபோது தடை வந்தது. ஆனர்ஸ் வருடத்தில் பதினெட்டாயிரம் ரேண்ட் பாக்கி. பாக்கி உள்ள மாணவரைப் பதிவு செய்யமாட்டார்கள், சான்றிதழையும் நிறுத்திவைப்பார்கள். பிள்ளைகள் இதை வீட்டில் சொல்லாமல் மறைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அப்பா கவலைப்படுவாரே என்று. இவளும் மறைத்திருந்தாள். ஒரு லட்சத்துக்கு எழுதவிருந்த படிவத்தைக் கிழித்துவிட்டு, பாக்கியும் பதிவுத் தொகையும் மடிக்கணினியும் சேர்த்து நாற்பதாயிரத்துக்குப் புதுப் படிவம் வாங்கினார்கள். மாத வட்டி 370 ரேண்டுக்குள். அதை டியூட்டர் சம்பளத்திலிருந்து அவளே கட்டுகிறாள்.

கையெழுத்துப் போடும் அன்று என்னையும் கூப்பிட்டார்கள். அப்பா போட்டார். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, ஏழு பக்கத்தையும் படித்தார், இரண்டு இடத்தில் மகளிடம் அர்த்தம் கேட்டார், அப்புறம் போட்டார். போட்டுவிட்டு, சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கிய முருகன் படக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். ஆய்வேட்டை எந்தத் தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்று மகளிடம் கேட்டார். அடுத்த வருட நவம்பர் என்றாள். இந்தக் காலண்டரில் அது இல்லையே என்று சொல்லி, அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, சிவப்புப் பேனாவால் எழுதினார்.